தேசப்பனின் ஏழு மனுக்கள்

மாவட்டக் குழுவிலிருந்து நாற்பத்தொரு மனுக்கள் திரும்பி வந்திருந்தன. எல்லாவற்றின் தலையிலும் ஒரே முத்திரை: 'படிக்க இயலவில்லை. ஏற்கப்படவில்லை.' அந்த மாதத்தில் இது நான்காவது கட்டு.

கீழ்ப்புத்தூர் மறுகுடியமர்வு அலுவலகத்தின் தனி அலுவலர் மங்கையர்க்கரசி அந்தக் கட்டைக் கொண்டுபோய் எழுத்தர் வளர்மதியின் மேசைமேல் போட்டாள்.

"வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ கண்ணால பாக்கமாட்டியா நீ? தாள்ல எழுத்து இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்குக்கூட ஒரு ஆள் போடணுமா?"

வரிசையில் நின்றிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வளர்மதி எழுந்து நின்றாள். காது மடல் சிவந்துவிட்டது.

"மெஷின்தான் மேடம் மங்கலா அடிக்குது. போன வாரமே உங்ககிட்ட சொன்னேன்."

"மெஷின் மேல பழியப் போடாத. நேத்து வந்த அரசாணைய அதே மெஷின்லதான் எடுத்தோம். மை மாதிரி பளிச்சுன்னு இருக்கு."

ஆனாலும் மங்கையர்க்கரசி அறைக்குப் போய், பராமரிப்பு நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பினாள். 'நகல் இயந்திரம் மங்கலாக அச்சடிக்கிறது. அவசரம்.'

கடல் பதினோரு கிராமங்களை எடுத்துக்கொண்ட பிறகு திறக்கப்பட்ட அலுவலகம் அது. வீடு இழந்தவர்களுக்கு இரண்டு குடியிருப்புகள் கட்டியிருந்தார்கள். ஆலம்பட்டு ஊரை ஒட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். செம்மேடு அறுபது கிலோமீட்டர் உள்ளே, பொட்டல். ஆலம்பட்டில் இடம் குறைவு. ஆகவே பெரும்பாலானவர்களைச் செம்மேட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்துதான் மனுக்கள் வந்தபடி இருந்தன.

மனு எழுத யாரும் அலைய வேண்டியதில்லை. குடியிருப்பின் வாசலில் ஒரு மனுக்கூண்டு இருக்கும். உள்ளே போய் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னால் போதும். கூண்டு அதை அலுவலகத் தமிழில் எழுதி இங்கே அனுப்பிவிடும். இங்கே நகல் இயந்திரம் அச்சடிக்கும். முதல் பக்கத்தில் மனுதாரர் விவரம், இரண்டாம் பக்கத்தில் விஷயம். திரையில் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில் முன்பு நிறைய ஊழல் நடந்ததால், அலுவலர் காகிதத்தில் படித்துத்தான் முத்திரை இட வேண்டும் என்று விதி. அந்த முத்திரையில் 'படித்துப் பார்க்கப்பட்டது' என்று இருக்கும். அவசரமானவை என்று தோன்றினால் ஓரத்தில் இருக்கும் கட்டத்தில் ஒரு டிக். டிக் விழுந்த மனுவை, வீடு ஒதுக்கும் மாவட்டக் குழு ஒரே வாரத்தில் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும்.

ஒரு நாளைக்குத் தொண்ணூறு மனுக்கள் வந்தன. முதல் இரண்டு மாதம் மங்கையர்க்கரசி ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படித்தாள். சிலவற்றைப் படித்துவிட்டு மதியம் சாப்பிட முடியாமல் டப்பாவை மூடி வைத்திருக்கிறாள். மூன்றாவது மாதம் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தாள். பிறகு பெயரை மட்டும். எப்போது அது நின்றது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. முத்திரை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்குச் சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். பெயர் சவரிராயன். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி, முழங்கைவரை மடித்த சட்டை. இயந்திரத்தின் முன் கதவைத் திறந்து, மைப்பொடி இருக்கும் டோனர் குப்பியை வெளியே எடுத்து, நாலு தடவை குலுக்கினார்.

"முக்காவாசி இருக்கு. டோனர் பிரச்சினை இல்ல."

உள்ளே சுழலும் டிரம் உருளையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை, தேய்மானம் இல்லை. சார்ஜ் கம்பியைப் பஞ்சால் துடைத்தார். தாள் கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு தாளை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"கடலோர ஊர்ல தாள் ஈரம் குடிச்சிரும். டோனர் ஒட்டாது. ஆனா இது காஞ்ச தாள்தான்."

சோதனைப் பக்கம் ஒன்று எடுத்தார். கன்னங்கரேலென்று வந்தது. அரசாணையை எடுத்தார். கரேலென்றே வந்தது. பிறகு வளர்மதி கொடுத்த ஒரு மனுவை எடுத்தார். தாள் வெளியே வந்தபோது முதலில் வெற்றுத் தாள் என்றே நினைத்தார்கள். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தபோதுதான் சாம்பல் நிறத்தில் எழுத்துகள் இருப்பது தெரிந்தது.

"பாத்தீங்களா சார்?" என்றாள் வளர்மதி. அவள் குரலில் நேற்றைய வலி இருந்தது. மங்கையர்க்கரசி அவளைப் பார்க்காமல் தாளையே பார்த்தாள்.

சவரிராயன் அரசாணையையும் மனுவையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு திரையில் ஏதோ தட்டினார். அதே மனு, அனுப்பியவர் என்ற இடத்தில் மட்டும் 'தேசப்பன், செம்மேடு' என்பதை எடுத்துவிட்டு 'ஆணையர் அலுவலகம்' என்று போட்டார். அச்சு எடுத்தார்.

ஒவ்வொரு எழுத்தும் அச்சுக் கோத்ததுபோல வந்தது.

"இது எப்படி?" என்றாள் மங்கையர்க்கரசி.

சவரிராயன் வளர்மதியைப் பார்த்தார். பிறகு, "மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் உங்க ரூம்ல பேசலாமா?" என்றார்.

அறையில் உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. அவள் மேசைமேல் இருந்த விளக்கைக் காட்டினார்.

"இது வெறும் விளக்கு இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஃபைல் தேங்காம இருக்கான்னு பாக்கறதுக்கு வெச்சிருக்காங்க."

"அதேதான். எந்தத் தாள எத்தன செகண்ட் பாத்தீங்கன்னு இது குறிச்சிக்கும். அந்தக் குறிப்பு வெளில இருக்கற மெஷினுக்கும் போகும். டோனர் சிக்கனத்துக்காக. யாரும் படிக்காத தாளுக்கு எதுக்கு மைய வீணாக்கணும்னு யோசிச்சுச் செஞ்சது. படிக்கிற தாள்னா முழு மை. படிக்காததுன்னா, அத அனுப்புன ஆளு பேருக்குக் கொஞ்சம் குறைக்கும். மறுபடியும் படிக்கலன்னா இன்னும் குறைக்கும்."

"யார் படிக்கலன்னா?"

அவர் விளக்கையே பார்த்தார்.

"சவரிராயன், நான் ஒவ்வொரு மனுவும் படிச்சிட்டுத்தான் சீல் வெக்கிறேன். பின்னாடி இருக்கற கட்டெல்லாம் பாருங்க. சீல் இல்லாம ஒண்ணாவது இருக்கா?"

"சீல் இருக்குங்க மேடம்."

"அப்பறம்?"

"விளக்குக்கு சீல் தெரியாதுங்க. கண்ணு எங்க இருக்குன்னுதான் தெரியும்."

அவர் கைத்திரையை அவள் பக்கம் திருப்பினார். மெஷின் சுத்தமாக வெளிறவைத்த பெயர்கள் ஒரு பட்டியலாக இருந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் மேலே தேசப்பன். ஏழு மனுக்கள். முதல் மனு: ஒன்றாம் பக்கம் பதினோரு நொடி, இரண்டாம் பக்கம் பூஜ்யம். இரண்டாவது: நாலு நொடி, பூஜ்யம். மூன்றாவது: இரண்டு, பூஜ்யம். நான்காவதிலிருந்து எல்லாமே பூஜ்யம்.

மங்கையர்க்கரசிக்குக் கழுத்திலிருந்து சூடு ஏறியது. இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு மெமோ வாங்கியதில்லை. அந்தக் கணத்தில், எதிரே நிற்கும் இந்த மனிதர் தன்னை ஆடையில்லாமல் பார்த்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

"தொண்ணூறு வருது ஒரு நாளைக்கு," என்றாள். "ஒரு ஆளு எத்தனதான் படிக்கிறது?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே மேடம்."

"இத எப்படி சரி பண்றது?"

"ரீசெட் பண்ணணும். மெஷின் இதுவரைக்கும் கத்துக்கிட்டது எல்லாம் அழிஞ்சிரும். நாளையிலேர்ந்து எல்லாருக்கும் கருப்பா அடிக்கும். ஒரு மணி நேர வேலை."

"இந்தப் பட்டியல்?"

"அதுவும் போயிரும்."

வெளியே யாரோ வரிசையில் இருமினார்கள். மங்கையர்க்கரசி கைத்திரையைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சர்வீஸ் ரிப்போர்ட்ல காரணம்னு ஒண்ணு எழுதணும் இல்ல?"

"எழுதணும்."

"டிரம் தேஞ்சு போச்சுன்னு எழுத முடியுமா?"

சொல்லி முடித்ததுமே அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்று இருந்தது. சவரிராயன் வியப்படையவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கூசியது.

"எழுதலாம் மேடம்," என்றார். "இந்த வருஷம் மட்டும் இருபத்தாறு ஆபீசுக்குப் போயிருக்கேன். இருபத்தாறுலயும் டிரம் தேஞ்சு போச்சுன்னுதான் எழுதினேன்."

அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"மொத ஆபீஸ்ல இத நான் கண்டுபிடிச்சப்ப பெரிய விஷயம்னு கம்பெனில போய்ச் சொன்னேன். 'மெஷின் சரியாத்தானே வேலை செய்யுது, உனக்கு என்ன வலி'ன்னு கேட்டாங்க. பொண்ணு காலேஜ்ல படிக்குது. பேசாம வந்துட்டேன். அப்பறம் பழகிருச்சு. நீங்க கேட்டதுல ஒண்ணும் புதுசு இல்ல மேடம். சாப்டுட்டு வந்து ரீசெட் பண்ணிடறேன்."

கதவுவரை போனவரை அவள் நிறுத்தினாள்.

"அந்தத் தேசப்பனோட ஏழு மனுவையும் கருப்பா அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

சர்வீஸ் முறையில் எடுத்தால் மெஷின் யாரையும் பார்க்காமல் முழு மையில் அடிக்குமாம். பதினான்கு தாள்கள் வந்தன. அவர் வைத்துவிட்டுப் போன பிறகு மங்கையர்க்கரசி மேசை விளக்கின் கம்பியைப் பிடுங்கிப் போட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் முதல் மனுவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

தேசப்பன், நடுத்திட்டுக் கிராமம், வயது ஐம்பத்து மூன்று. மனைவி செங்கமலத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். செம்மேட்டிலிருந்து பேருந்தில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஆலம்பட்டில் ஒரே ஓர் அறை இருந்தால்கூடப் போதும்.

இரண்டாவது மனுவில், திரும்பி வரும்போது பேருந்திலேயே இரண்டு தடவை மயக்கம். மூன்றாவதில், கடந்த வெள்ளி சாலை மறியலால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை, கால்கள் வீங்கிவிட்டன, கருணை கூர்ந்து விரைந்து முடிவெடுக்க வேண்டும்.

பின்னால் இருந்த கட்டிலிருந்து அந்த மூன்றின் பழைய மங்கல் தாள்களை உருவினாள். ஓரத்தில் அவசரத்துக்கான கட்டம் மூன்றிலும் வெறுமையாக இருந்தது. கீழே மூன்றிலும் அவள் முத்திரை இருந்தது.

நான்காவது மனு நாலே வரி. மேற்படியார் கடந்த பதினெட்டாம் தேதி பேருந்தில் இயற்கை எய்தினார். எனவே மனுதாரருக்கு ஆலம்பட்டில் வீடு தேவையில்லை. தெரிவிக்கலாயிற்று.

மங்கையர்க்கரசி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்கு அவளுக்கு என்ன உரிமை என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. பதினெட்டாம் தேதிக்கு மறுநாள் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

இன்னும் மூன்று மனுக்கள் இருந்தன. மனைவி இறந்த பிறகு மூன்று மனு எதற்கு? ஏதாவது திட்டி எழுதியிருப்பான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

ஐந்தாவது மனு வேறொரு பெண்ணைப் பற்றியது. குமுதவல்லி, வயது முப்பத்தொன்று, கைம்பெண், இரண்டு சிறு பிள்ளைகள். அதே செவ்வாய், அதே வெள்ளி, அதே பேருந்தில் பின் இருக்கை. செங்கமலத்துக்குக் கொடுக்க வேண்டிய இடத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டும். ஆறாவதிலும் அதுவே. ஏழாவதிலும் அதுவே. அவள் நின்றுகொண்டு பயணம் செய்ய நேரிடுகிறது என்று ஒரு வரி அதிகம்.

மங்கையர்க்கரசி கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"வளர்மதி, செம்மேட்டுக்குப் போன் போடு. குமுதவல்லின்னு ஒரு பொண்ணு, முப்பத்தொரு வயசு. இருக்காளான்னு கேளு."

"எங்க இருக்காங்கன்னா மேடம்?"

"உசுரோட இருக்காளான்னு கேளு."

வளர்மதி பேசி முடிக்கும்வரை மங்கையர்க்கரசி அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்காங்களாம் மேடம். இன்னிக்குச் செவ்வாய்க்கெழமைல்ல, பஸ்ல போய்ட்டிருக்காங்களாம். என்ன மேடம் விஷயம்?"

விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியே சொன்னாள். நேற்று வளர்மதியைத் திட்டியதும் அதே இடத்தில்தானே. "மெஷின் மேலயும் தப்பு இல்ல, உன் மேலயும் தப்பு இல்ல. நான் படிக்கல. அதான் மங்கிப் போச்சு," என்றாள். வளர்மதி மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

ஆலம்பட்டில் அப்போது இரண்டு வீடுகள் காலியாக இருந்தன. ஆனால் மனு கிடைத்த தேதி வரிசையில்தான் வீடு. படிக்க இயலாத மனு, கிடைக்காத மனுவாகவே கருதப்படும் என்று விதியில் தெளிவாக இருந்தது. குமுதவல்லி பெயரில் இன்று புதிதாக ஒரு மனு போட்டு டிக் அடித்தாலும், குழு மருத்துவச் சான்று கேட்டு, வரிசை பார்த்து, அவளுக்கு முன்னால் நிற்கும் நூற்றைம்பது பேரைத் தாண்டி வருவதற்குள் அந்த இரண்டு வீடும் போய்விடும். ஐந்தாவது மனு ஐந்து மாதம் முன்பே அலுவலகத்துக்கு வந்துவிட்டது, தவறு அலுவலகத்தின்மேல்தான் என்று காட்டினால்தான் முடியும். அதைக் காட்டக்கூடிய ஒரே ஆதாரம் சவரிராயன் அழிக்கப்போகும் பட்டியல்.

அவர் சாப்பிட்டுவிட்டு வந்து மெஷினின் கதவைத் திறந்தபோது மங்கையர்க்கரசி பின்னால் போய் நின்றாள்.

"ரீசெட் வேண்டாம். முதல்ல அந்தப் பட்டியல முழுசா அச்சடிச்சுக் குடுங்க. முந்நூத்திப் பன்னெண்டு பேரும். நொடிக் கணக்கோட."

"மேடம், அது உங்க பேர்லதான் வரும்."

"தெரியும்."

"வேலைக்கே ஆபத்தாயிரும்."

"ரிப்போர்ட்ல என்ன நடந்துச்சோ அதையே எழுதுங்க. உங்களுக்கு அதனால கஷ்டம்னா நான் வற்புறுத்தல."

சவரிராயன் சட்டைப் பையிலிருந்து சர்வீஸ் ரிப்போர்ட்டை எடுத்தார். 'டிரம் தேய்மானம்' என்று ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலாக மடித்துக் கிழித்து, இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு வளர்மதியின் மேசையில் உட்கார்ந்தார். எழுதி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. போகும்போது, "பழைய ரிப்போர்ட் இருபத்தாறு இருக்கு. ஒவ்வொண்ணா திரும்பப் போகணும்," என்று மட்டும் சொன்னார்.

மங்கையர்க்கரசி அன்றே ஆணையருக்குக் கடிதம் எழுதினாள். எதையும் மறைக்கவில்லை. 'மனுக்களைப் படிக்காமலேயே படித்ததாக முத்திரை இட்டேன். அதனால் ஒரு உயிர் போயிருக்கிறது. இன்னொரு உயிர் போகாமல் இருக்க, குமுதவல்லியின் பெயரை ஐந்து மாதம் முன்தேதியிட்டு ஏற்க வேண்டும். என்மீது எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.' பட்டியலையும் சவரிராயனின் ரிப்போர்ட்டையும் இணைத்தாள். மெஷினில் சிக்கன முறையை நிறுத்தச் சொல்லி, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் மனுக்களையும் புதிதாக எடுத்தாள். வளர்மதியும் அவளுமாக ஒன்பது நாட்கள் அவற்றைப் படித்தார்கள். நாற்பத்தாறில் டிக் விழுந்தது. பதினேழு பேரைத் தொடர்புகொண்டபோது, மனுவுக்கு இனி தேவையில்லை என்று சொன்னார்கள். ஏன் என்று அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அந்த நாட்களில் அவள் தினமும் தற்காலிகப் பணிநீக்க ஆணையை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். வந்துவிட்டால் ஒரு பாரம் இறங்கும் என்றுகூடத் தோன்றியது.

மூன்றாவது வாரம் ஆணையர் அலுவலகத்திலிருந்து உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, குமுதவல்லிக்கு ஆலம்பட்டில் வீடு ஒதுக்கும் ஆணை. மற்றது கெட்டியான தாளில் ஒரு பாராட்டுச் சான்றிதழ். 'தாங்கள் அனுப்பிய விவரப் பட்டியல் பரிசீலிக்கப்பட்டது. டோனர் சிக்கனத்தில் தங்கள் அலுவலகம் மாநிலத்தில் இரண்டாமிடம் பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. வரும் வியாழனன்று நடைபெறும் ஆய்வுக் கூட்டத்தில் நேரில் பெற்றுக்கொள்ளவும்.'

அவள் தொலைபேசியில் அழைத்தாள். ஆணையரின் நேர்முக உதவியாளர் எடுத்தார்.

"சார், நான் அனுப்பின லெட்டர ஐயா படிச்சாங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு மேடம். நீங்க கேட்ட வீட்டுக்கு ஆர்டர் போட்டாச்சு, லிஸ்ட்டையும் பாத்தாச்சு. அதனாலதானே சர்ட்டிபிகேட். வாழ்த்துகள்."

"அது வேற விஷயமா எழுதினது சார். மொத பக்கத்துலயே இருக்கு…"

"மேடம், இன்னொரு லைன் வெயிட்டிங்ல இருக்கு. வியாழக்கிழமை சீக்கிரமா வந்துருங்க, போட்டோ எடுப்பாங்க."

வியாழனன்று அறுபது பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் அவள் பெயரை வாசித்தார்கள். எழுந்து போய், மைக்கைக் கேட்டு வாங்கி, நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். மேடை ஏறியதும் எல்லாரும் கை தட்டினார்கள். மைக் ஆணையரின் மேசைக்கு அப்பால் இருந்தது. சான்றிதழைக் கையில் வைத்தார்கள். யாரோ தோளைத் தொட்டுக் கேமரா பக்கம் திருப்பினார்கள். திரும்பி இருக்கைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று அவளுக்கு உறைத்தது. புகைப்படத்தில் தான் சிரித்திருக்கக் கூடுமோ என்ற பயம் அதைவிட மோசமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் கை கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டாள்.

தண்டிக்க யாரும் இல்லை என்று தெரிந்தபோது, போக வேண்டிய இடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஏழு மனுக்களைப் பையில் வைத்துக்கொண்டு செம்மேட்டுப் பேருந்தில் ஏறினாள். அலுவலக ஜீப்பைக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போனாள்.

தேசப்பன் குடியிருப்பின் மோட்டார் அறையில் வேலை பார்த்தார். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது அவர் பொறுப்பு. நல்ல கறுப்பு, அகன்ற தோள். கடலில் நின்ற உடம்பு என்று பார்த்ததும் தெரிந்தது. அவள் யாரென்று சொன்னதும் எழுந்து, தன் நாற்காலியைத் துண்டால் தட்டி அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க மேடம். குமுதாவுக்கு வீடு வந்துருச்சி. நேத்துதான் சாமான ஏத்தி அனுப்புனோம். உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

"நன்றி சொல்லாதீங்கய்யா. நான் வேற ஒண்ணு சொல்ல வந்திருக்கேன்."

நின்றுகொண்டே சொன்னாள். மேடையில் சொல்லத் தயார் செய்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. உங்கள் மனுவை நான் படிக்கவில்லை, ஏழையும் படிக்கவில்லை, முதலாவதைப் படித்திருந்தால் அந்த அம்மா இப்போது ஆலம்பட்டில் இருந்திருப்பார் என்று நேராகச் சொன்னாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தன் குற்றத்தைக் கத்திச் சொல்வது விசித்திரமாக இருந்தது.

தேசப்பன் போய் மோட்டாரை நிறுத்தினார்.

"தொட்டி நெறையலியே," என்றாள்.

"பரவால்ல." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. "படிச்சீங்களா இப்போ?"

"படிச்சேன். எல்லாத்தையும்."

"என்ன எழுதியிருந்துச்சி?"

அவளுக்குப் புரியவில்லை. "நீங்க சொன்னதுதான்யா."

"எனக்குப் படிக்கத் தெரியாது மேடம். அந்தக் கூண்டுக்குள்ள நின்னு சொல்லுவேன். சொல்லி முடிச்சதும் ஒரு பச்சை லைட்டு எரியும். அது என்னத்த எழுதிச்சோ, ஏது எழுதிச்சோ, எனக்குத் தெரியாது. இருக்குதா உங்ககிட்ட?"

பையிலிருந்து எடுத்தாள்.

"படிங்க," என்றார்.

அவள் முதல் மனுவின் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினாள். அவர் கீழே சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து கேட்டார். அவளும் நாற்காலியில் உட்கார மனம் வராமல் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இரண்டாவது மனுவில், "மேற்படியார் திரும்பி வரும் வழியில் பேருந்திலேயே இருமுறை மயக்கமுற்றார்" என்று படித்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"மேற்படியார்னா யாரு?"

"உங்க… உங்க வீட்டம்மாதான்யா. ஆபீஸ் பாஷைல அப்படி எழுதும்."

"நான் அப்படிச் சொல்லலியே. செங்கமலம்னுதான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் செங்கமலம்னுதான் சொன்னேன்." முதன்முறையாக அவர் குரல் உடைந்தது. "எல்லாத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்குதா?"

அவள் தாள்களைப் புரட்டினாள். முதல் மனுவில் ஓரிடத்தில் பெயர் இருந்தது. ஐந்தாவதில் இன்னோரிடத்தில். மற்றதெல்லாம் மேற்படியார்.

"ஆமாங்கய்யா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே இரண்டு பெண்கள் காலிக் குடங்களோடு வந்து, ஏன் தண்ணீர் வரவில்லை என்று எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருவரும் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, குடத்தை இறக்கி வைத்து வாசலிலேயே நின்றார்கள்.

"அவ சொன்னதையும் நான் சொன்னேனே. 'கடலுக்கு நடுவுல போனாக்கூட எனக்கு வாந்தி வராது, இந்த பஸ்ஸு என்னக் கொல்லுது'ன்னு சொல்வா. அதுவும் இல்லியா?"

"இல்லைங்கய்யா."

மங்கையர்க்கரசி இரண்டாவது மனுவை எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

"செங்கமலம் திரும்பி வரும் வழியில் பேருந்திலேயே இருமுறை மயக்கமுற்றார். செங்கமலத்துக்கு…"

"மெதுவாப் படிங்க," என்றார் தேசப்பன்.

அவள் மெதுவாகப் படித்தாள்.